போனவர்களும் இருப்பவர்களும்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டி வடக்கே சிறிது தொலைவு சென்றதும் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய்விடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழிருந்த ஜாகிர்தார் ஒருவர் எழுப்பியது. வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டிய மூன்று நிலை மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே மாளிகையின் மிச்சம், ஒரு பள்ளிவாசல், நிலவறைகள். படியேறி மேல்மதிலில் நின்றால் நான்கு திசையிலும் மானாவாரிக் காடுகள் விரிகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்த மண்ணில் நின்று கால்பந்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நெடுநாள் ஆடிய ஒரு வீரர் அணி மாறும்போது எழுகிற கோபமும் துயரமும் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால், இந்தக் கோட்டையைப் போலப் பதில் சொல்லக்கூடிய இடங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பக்கம் மாறுவதைப் பற்றி இந்தக் கற்களுக்குத் தெரிந்தது நிறைய.

1751-ஆம் ஆண்டு. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். திருச்சியில் இருந்த முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. திருச்சியைப் பிடிக்கப் படையோடு வந்துகொண்டிருந்த சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. அவரை வழிமறிக்க வந்த ஆங்கிலேயப் படை கேப்டன் ஜிஞ்சனின் தலைமையில் இந்தப் பக்கம் முகாமிட்டது. இரு தரப்புக்கும் இந்தக் கோட்டை வேண்டியிருந்தது. கோட்டைத் தலைவரோ எந்தப் பக்கமும் வாய் திறந்து சாயாமல், வந்தவர் எல்லாருக்கும் நம்பிக்கை தரும்படி பேசி நாளைக் கடத்தினார். பொறுமை இழந்த ஆங்கிலேயர் தாக்கியதும், அவர் பிரெஞ்சுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டார். வாலிகண்டபுரத்துப் போர் என்று வரலாறு குறித்துவைத்திருக்கும் அந்தச் சண்டையில் ஆங்கிலேயப் படை குலைந்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அந்தப் படையோடு வந்திருந்த இளைஞர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். மறு ஆண்டு காற்று திசை மாறியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் சிக்கிக்கொண்டிருந்த தம்மவரை மீட்கப் புறப்பட்ட பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் இதே இடத்தில் ஒதுங்கியபோது கோட்டையின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் கிளைவிடமே சரணடைய நேர்ந்தது. ஓராண்டுக்குள் இரண்டு விதமாக நடந்துகொண்ட அந்தக் கோட்டைத் தலைவரைத் துரோகி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பெரிய படைகளுக்கு நடுவே சின்னக் கோட்டை வைத்திருந்தவரின் கணக்கு, தூரத்தில் நின்று தீர்ப்புச் சொல்பவருக்கு முழுதாகப் புரிவதில்லை.

272 ஆண்டுகள் கழித்து, 2023-ஆம் ஆண்டுக் கோடையில், தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு பிரிவு வந்து சேர்ந்தது. சென்னையின் எஃப்சி அணியின் தலைவரும் நடுக்கள வீரருமான அனிருத் தாபா கொல்கத்தாவின் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் அணிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனார். 2016-இல் பதினெட்டு வயதில் வந்தவர். இடையில் சிறிது காலம் மினர்வா பஞ்சாப் அணிக்கு இரவல் போனதைத் தவிர, ஏழாண்டுகள் நீலச் சட்டையில்தான் வளர்ந்தார். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், சொந்த மண்ணில் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்திச் சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது இருபது. அந்த இறுதியாட்டத்தில் முதல் கோலைப் போட்டது பெங்களூருவின் சுனில் சேத்ரி. பின்தங்கிய அணியை மைல்சன் ஆல்வ்ஸின் தலை இரண்டு முறை மேலே கொண்டுவந்தது, ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதைச் சேர்த்தார். கோல் போட்டவர்களின் பெயர்கள் ஏட்டில் நிற்கின்றன. நடுக்களத்தில் ஓடியவர்களின் உழைப்பு பார்த்தவர்களின் நினைவில் மட்டும் நிற்கிறது.

ஒரு நடுக்கள வீரர் போகும்போது ரசிகருக்கு ஏற்படும் இழப்பு தனிவகையானது. கோல் போடுபவரை ஊரே அறியும். கோலைக் காப்பவரைத் தோற்ற நாளில் ஊரே ஏசும். நடுவில் ஆடுபவரைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கே தெரியும். பந்து தன் காலுக்கு வந்து சேரும் முன்பே அவர் ஒரு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிடுகிறார். எதிராளி எங்கே நெருங்குகிறார், தன் ஆள் எங்கே விலகி நிற்கிறார் என்பதை அந்த ஒரு கணத்தில் வாங்கிக்கொண்டு, வந்த பந்தை ஒரே தொடுகையில் திருப்பி விடுகிறார். தொலைக்காட்சி பந்தைக் காட்டுகிறது. அந்தத் திரும்பிப் பார்த்தலைக் காட்டுவதில்லை. மைதானத்தில் உட்கார்ந்து ஏழாண்டு பார்த்தவர் அதைக் கண்டு பழகியிருக்கிறார். 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் தாய்லாந்தை இந்தியா 4-1 என்று வென்ற ஆசியக் கோப்பை ஆட்டத்தில், உதாந்தா சிங் கொடுத்த பந்தை நிறுத்தாமல், கோல்காவலருக்கு மேலாக மெல்லத் தூக்கி விட்டாரே தாபா, அந்த மெல்லிய தொடுகையை நாடு அன்றுதான் பார்த்தது. சென்னைப் பெரியமேட்டு நேரு மைதானத்துக்கு வாராவாரம் போனவர்களுக்கு அது முன்பே அறிமுகமானது. அவர்களுக்குத் தாபா தாங்கள் கண்டெடுத்த பிள்ளை. அதனால்தான் பிரிவும் வீட்டுப் பிரிவு போலக் கனத்தது.

அந்த ஏழாண்டுகளின் வடிவத்திலேயே ஒரு சோகம் இருக்கிறது. 2019-20 பருவத்தில் தொடக்கத்தில் தள்ளாடிய அணியை ஓவன் காயில் என்ற பயிற்சியாளர் இறுதியாட்டம் வரை இழுத்துச் சென்றார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த அந்த இறுதியாட்டத்தில், நோய்த்தொற்று அச்சத்தால், பார்வையாளர் ஒருவருக்கும் அனுமதி இல்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே அணி கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. அடுத்த இரண்டு பருவங்களிலும் அணியின் ஆட்டங்கள் முழுக்கக் கோவாவிலேயே, ரசிகர் இல்லாமலே நடந்தன. அப்படி ஆளில்லாத மைதானத்தில்தான் 2021-இல் தாபாவுக்குத் தலைமைப் பொறுப்பு வந்தது. ரசிகர்கள் மீண்டும் நேரு மைதானத்துக்குத் திரும்பி, தங்கள் தலைவரைத் தங்கள் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு பருவம். அந்த மூன்று பருவங்களிலும் அணி எட்டாம் இடத்தில்தான் முடித்தது. அதன் முடிவில் அவர் போனார். கொல்கத்தாவில் அவர் சேர்ந்த அணி அதே ஆண்டு டுராண்ட் கோப்பையை வென்றது; அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் லீக் கேடயத்தை வென்றது; 2024-25-இல் கேடயத்தோடு கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. போனவர் நன்றாக இருக்கிறார் என்பது இருப்பவர்க்கு ஆறுதலாகவும் வலியாகவும் ஒருசேர இருக்கிறது.

செய்தி வந்தபோது ரசிகர்கள் பேசிய மொழியில் பழைய தமிழ் அறத்தின் குரல் கேட்டது. வளர்த்த இடத்தை விட்டுப் போகலாமா, பணத்துக்காகத்தானே, இங்கே என்ன குறை வைத்தோம் என்று கேட்டவர்கள், தங்களை அறியாமலே செஞ்சோற்றுக் கடனைப் பற்றித்தான் பேசினார்கள். தம்பி வீடணன் பக்கம் மாறி அழைத்தபோதும் அண்ணனோடு நின்று சாவதைத் தேர்ந்துகொண்ட கும்பகர்ணனைப் போற்றி வளர்ந்த சமூகம் நாம். கர்ணனுக்காகக் கண்ணீர் விடாத தெருக்கூத்து மேடை இந்த வட்டாரத்தில் ஏது? உண்ட சோற்றுக்கு உயிர் கொடுப்பவனை உயர்த்தி வைத்த மனம், ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கிக்கொண்டு போகிறவரை எளிதில் ஏற்பதில்லை. அந்த மனத்தைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. அதில் பண்பாடு இருக்கிறது, நன்றியைப் பெரிதாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. ஆனால் அந்த அறத்துக்குள்ளேயே கேட்கவேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. இங்கே சோறு இட்டவர் யார், உண்டவர் யார்? பதினெட்டு வயதில் வந்து இருபத்தைந்து வயது வரை, ஒரு விளையாட்டு வீரரின் ஆட்ட ஆயுளில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தவர் கடன்பட்டவரா, கடன் கொடுத்தவரா?

இந்தக் கதையின் சுவடுகள் தாபாவுக்கு வெகு முன்பே தொடங்குகின்றன. தெற்கிலிருந்து கொல்கத்தாவுக்குக் கால்பந்துக்காரர்கள் போவது ஏறக்குறைய நூறாண்டு வழக்கம். 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீகை வென்று வரலாறு படைத்த முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் பெங்களூரிலிருந்து போனவர்கள் இருந்தார்கள். நாடு விடுதலை அடைந்தபின் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையைத் தாங்கிய அகமது கான், அப்பாராவ், சாலே, தன்ராஜ், வெங்கடேஷ் என்ற ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்றே வங்காளிகள் கொண்டாடினார்கள், ஐவருமே தென்னாட்டவர். வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் மையம் 1955-இலும் 1958-இலும் டுராண்ட் கோப்பையை வென்றபோது கோலைக் காத்த பீட்டர் தங்கராஜும் பின்னர் கொல்கத்தாவின் பெரிய அணிகளுக்கே போய்ச் சேர்ந்தார். தாபா போன அதே 2023 கோடையில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் செல்லப்பிள்ளையான நடுக்கள வீரர் சகல் அப்துல் சமதும் கொச்சியை விட்டு அதே மோகன் பகானுக்குத்தான் போனார். ஒரே கோடையில் தெற்கின் இரண்டு நகரங்கள் ஒரே வகைத் துயரத்தில் இருந்தன. கால்பந்தை வாழ்க்கையாகக் கொண்ட நகரம் ஒன்று அங்கே இருக்கும்வரை, திறமை அங்கே இழுக்கப்படுவது நிற்காது.

கொல்கத்தாவுக்கும் இந்த வலி தெரியாததல்ல. ஒரு காலத்தில் அங்கே அணிமாற்றப் பருவம் வந்தால், எதிர் அணிக்காரர் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி வீரர்களை யாருக்கும் தெரியாத வீடுகளில் ஒளித்துவைத்துக் காவல் காப்பார்கள். இந்தியாவின் மாரடோனா என்று அழைக்கப்பட்ட நடுக்கள மேதை கிருஷாணு டே 1985-இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் மோகன் பகானுக்கு வந்தார். ஒரே ஊரில், ஒரே டிராம் தடத்தில், இரண்டு பகை முகாம்களுக்கு நடுவே அவர் நடந்த நடை எத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கும்! 2003-இல் அவர் மறைந்தபோது எந்த முகாமும் அவரைத் தன்னவர் அல்ல என்று சொல்லவில்லை. இன்று அந்த நகரத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையின் முன் நிற்பவர்களிடம் நீ எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. கோபத்துக்கு ஆயுள் குறைவு. அழகான ஆட்டத்தின் நினைவுக்கு ஆயுள் அதிகம் என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி.

நம் தமிழ்நாட்டில் வீரர்கள் அணி மாறாத காலம் ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். சென்னை லீகில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ரிசர்வ் வங்கி, சுங்கத்துறை என்று அலுவலக அணிகள் ஆடிய காலம் அது. காலையில் பயிற்சி, பகலில் மேசை, மாலையில் ஆட்டம். ஒருவர் இருபது வயதில் சேர்ந்தால் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறும்வரை அந்த நிறுவனத்தின் ஆள். அன்று வீரரைக் கட்டிப்போட்டதில் பாசத்துக்குப் பங்கு உண்டு. நிரந்தர வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு. முழங்கால் போனாலும் சோறு போகாது என்ற உறுதியை அந்த வேலை கொடுத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் போட்ட கோல்தான் இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல். அந்தத் தமிழர்தான் பின்னாளில் பயிற்சியாளராக எல்லை தாண்டிப் போய், 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வென்று கொடுத்தார். நாம் நம்முடையவர் என்று நினைத்தவரைக் கேரளம் தன்னவராக நினைத்து இன்றும் வணங்குகிறது. அதில் நமக்கு இழப்பு என்று அன்று யாரும் எண்ணவில்லை. பெருமை இரண்டு மாநிலங்களில் பகிரப்பட்டது, அவ்வளவுதான்.

கடல் கடந்து பார்த்தால், வீரர் போகக்கூடிய உரிமையே எத்தனை தாமதமாக வந்தது என்பது தெரிகிறது. இங்கிலாந்தில் 1893 முதல் நடந்துவந்த முறையில், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் பழைய அணி சம்மதிக்காமல் வீரர் வேறு அணிக்கு ஆட முடியாது. 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் நீதிமன்றம் போய் அந்தப் பிடியைத் தளர்த்தினார். 1995-இல் பெல்ஜியத்தின் ழான்-மார்க் போஸ்மான் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, ஒப்பந்தம் முடிந்த வீரர் விலையின்றி விடுதலை பெற்றார். அந்த வழக்கில் போஸ்மான் வென்றார், அவருடைய ஆட்ட வாழ்க்கை தோற்றது. இன்று எந்த வீரரும் தலைநிமிர்ந்து அணி மாறும்போது அவருடைய இழப்பின் மேல்தான் நிற்கிறார். அந்த உரிமையைப் பயன்படுத்துபவரை ரசிகர் எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் கதை உண்டு. 2000-இல் லூயிஸ் ஃபீகோ பார்சிலோனாவை விட்டு அதன் பரம்பரைப் பகையான ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 2002-இல் பார்சிலோனா மைதானத்தில் அவர் கார்னர் உதைக்கப் போனபோது மேலிருந்து எறியப்பட்டவற்றில் ஒரு பன்றித்தலையும் இருந்தது. உலகமே பார்த்த அந்தக் காட்சி ஃபீகோவின் பெயரைவிட, எறிந்த கையின் சொந்தக்காரர்களுக்கே நீங்காத கறையாக நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே நம் இலக்கியம் இந்த வழியில் நடந்திருக்கிறது. சங்ககாலப் பாணரும் புலவரும் ஆதரவு தேடி ஊர் ஊராகப் போனவர்கள். பரிசு பெற்றவர் எதிர்ப்படும் ஏழைக் கலைஞருக்கு இன்ன வள்ளலிடம் போ என்று வழிகாட்டுவதற்கென்றே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை பிறந்தது. அந்தப் புலவர்களுள் விசுவாசத்தின் உருவமாக நாம் கொண்டாடுபவர் கபிலர். பறம்பின் பாரியோடு பிரியாமல் இருந்தவர், பாரி மாண்டபின் அவன் மகளிரைக் காத்து நின்றவர், இறுதியில் தென்பெண்ணைக் கரையில் வடக்கிருந்து உயிர் துறந்தார் என்று மரபு போற்றுகிறது. ஆனால் இதே கபிலர், பாரி இறந்த பிறகு சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் போனார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து அவன் மீது அவர் பாடியது. அதற்கு அவர் பெற்ற பரிசு நூறாயிரம் காணமும், குன்றின் மீது நின்று கண்ணுக்கு எட்டிய நாடும் என்று அந்நூலின் பதிகம் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் கபிலரை யாரும் கட்சி மாறியவர் என்று சொன்னதில்லை. ஏன் என்றால், சேரனைப் பாட வந்த அந்தப் பத்தின் முதல் பாட்டிலேயே அவர் பாரியைப் புகழ்கிறார். என் தலைவன் போய்விட்டான், அதனால் இரக்க வந்தேன் என்று நினைக்காதே; உன் புகழ் கேட்டு வந்தேன் என்ற பொருளில் பேசுகிறார். புதியவனின் அவையில் நின்றுகொண்டு பழையவனின் பெயரை ஓங்கிச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. கேட்டுப் பொறுக்கும் பெருமை சேரனுக்கும் இருந்தது. போவதற்கும் நன்றி மறப்பதற்கும் இடையில் ஒரு கோடு உண்டு. அதைக் கபிலர் தம் காலால் கீறிக் காட்டிவிட்டார்.

நம் வட்டாரத்திலேயே அதற்கு ஒரு கல் சாட்சியும் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம், தந்தையின் தஞ்சையை விட்டு வந்த மகன் எழுப்பிய தலைநகரம். ஏறக்குறைய 1025-இல் முதலாம் இராசேந்திரன் அரியணையை இங்கே கொண்டுவந்தான். ஓர் அரசே இடம் மாறியபோது தஞ்சையின் தெருக்களில் எத்தனை பேர் கைவிடப்பட்டதாக உணர்ந்திருப்பார்கள்! ஆனால் இங்கே அவன் கட்டிய கோயிலின் விமானம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரத்தில் குறைந்தது. அது தந்தைக்குச் செய்த மரியாதை என்று இந்தப் பக்கத்தார் சொல்வார்கள். இடம் மாறியவன் பழைய இடத்தை உயரத்தில் விஞ்சாமல் நின்றான் என்று நம்புவதில் மக்களுக்கு ஒரு நிறைவு இருக்கிறது. பிரிந்தவரிடம் நாம் எதிர்பார்ப்பது அந்தச் சிறு மரியாதையைத்தான். அது கிடைத்தால் தலைநகரம் போனதைக்கூட மன்னிக்கிறோம். இந்த மாவட்டங்களே அப்படி இடம் மாறியவைதான். 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்தது, 2007-இல் மறுபடி பிரிந்தது. எல்லைக்கல் நகர்ந்ததே தவிர, வயலும் வாய்க்காலும் உறவும் நகரவில்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்துவிட்டு, அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு கட்டும் ஊர்கள் இவை. தன் மகன் போனதை உயர்வு என்று சொல்லும் அதே வாய், நடுக்கள வீரர் போனதை மட்டும் துரோகம் என்று சொல்வது நியாயமா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். தாபாவும் டேராடூனில் பிறந்தவர். நம்மிடம் வரும்போதே அவர் ஓர் ஊரை விட்டுத்தான் வந்தார். அன்று அந்த ஊர் அழுததா என்று நாம் விசாரிக்கவில்லை.

பெரிய பிரிவுகளுக்கு நடுவே ஓசையின்றி நடந்த பிரிவுகளையும் சொல்லவேண்டும். 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வென்ற இரவில் ஒரு கோல் போட்டவர் வியாசர்பாடியின் தனபால் கணேஷ், சென்னையின் தெருக்களிலேயே ஆடி வளர்ந்த நடுக்கள வீரர். அந்தக் கோப்பைக்குப் பின் முழங்கால் காயம் அவரை நெடுநாள் வெளியே உட்காரவைத்தது. அவர் அணியிலிருந்து விலகியபோது தாபாவுக்கு எழுந்த ஓசையில் ஒரு பங்குகூட எழவில்லை. நெய்வேலியின் எட்வின் சிட்னி வன்ஸ்பால், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சியோடு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றவர். பட்டம் வென்ற அந்த அணி சில ஆண்டுகளிலேயே தேசியக் களத்திலிருந்து காணாமல் போனது. வீரர் அணியை விட்டுப் போனால் கேட்க ஆள் உண்டு. அணியே வீரரையும் ரசிகரையும் விட்டுப் போனால் யாரிடம் கேட்பது? 2010-இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு செய்துகொண்ட பதினைந்தாண்டு வணிக ஒப்பந்தம் முடிவை நெருங்கியபோது, 2025-இல் ஐஎஸ்எல் பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்சி உட்படச் சில அணிகள் சம்பளத்தை நிறுத்தும் நிலைக்கு வந்தன. அந்த நாட்களில், 2023-இல் போனவரைப் பற்றிக் கசந்து பேசியவர்கள்கூட, நல்ல வேளை அவர் அப்போதே போனார் என்று எண்ணியிருக்கக்கூடும்.

இந்தக் கதைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெளிகிறது. திறமை எந்தக் காலத்திலும் ஆதரவு இருக்கும் திசையில் நடந்திருக்கிறது. ஆதரிப்பவர்கள் மாறியிருக்கிறார்கள்: குறுநில மன்னர், நவாப், கும்பினி, ரயில்வே, வங்கி, இப்போது சினிமா நட்சத்திரமும் தொழிலதிபரும் கிரிக்கெட் தலைவரும் கூட்டாக வைத்திருக்கும் நிறுவனம். இந்த வரிசையில் எவரும் நிலைத்தவர் இல்லை. நிலைத்தவர்கள் மைதானத்தின் படிகளில் உட்கார்ந்தவர்கள்தான். நேரு மைதானத்தின் பி ஸ்டாண்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். அவர்களை எந்த அணியும் விலைக்கு வாங்க முடியாது. விசுவாசம் என்ற சொல்லுக்கு இந்த விளையாட்டில் உண்மையான சொந்தக்காரர்கள் அவர்களே. அதனால்தான் அதை வீரரிடமும் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். வீரரின் கடமை, சட்டை அணிந்திருக்கும்வரை அதற்கு உண்மையாக உழைப்பது. தாபா அதைச் செய்தார், ஏழாண்டுகள் செய்தார். சட்டையைக் கழற்றிய பின்னும் அதற்குள் இருக்கவேண்டும் என்று கேட்பது அன்பின் மிகுதி. அந்த மிகுதிக்கு வெட்கப்படவேண்டியதில்லை, அதைத் தண்டனையாக மாற்றாமல் இருந்தால் போதும்.

அந்த மிகுதியை எங்கே செலுத்தவேண்டும் என்பதே இந்தக் கதையின் வாரிசுகளான நம் முன் நிற்கும் வேலை. வீரரிடம் விசுவாசம் கேட்பதற்கு முன், அணிகளிடம் வேர் கேட்கவேண்டும். நெய்வேலியிலும் வியாசர்பாடியிலும் பெரம்பலூரிலும் பந்து உதைக்கும் பிள்ளைக்கு நல்ல மைதானமும் பயிற்சியாளரும் கிடைக்கிறதா, காயம்பட்ட வீரருக்குப் பின்வாழ்க்கை இருக்கிறதா, முதலாளி சலித்துக்கொண்டால் அணி என்ன ஆகும் என்ற கேள்விகளை, அணிமாற்றச் செய்தி வரும் நாளின் ஆவேசத்தோடு ஆண்டு முழுவதும் கேட்கவேண்டும். அலுவலக அணிகள் தந்த உறுதியை இன்றைய ஒப்பந்த முறை தரவில்லை. அதை மீட்டெடுக்க வழி தேடாமல், போகிறவரின் முதுகைப் பார்த்து ஏசுவதில் நம் ஆற்றல் கரைகிறது. போனவர் எதிரணிச் சட்டையில் நேரு மைதானத்துக்கு வரும் நாளில், ஆட்டம் தொடங்கும் முன் எழுந்து நின்று கைதட்டலாம். விசில் ஊதியபின் அவர் காலில் பந்து இருக்கும் ஒவ்வொரு கணமும் எதிர்த்துக் கத்தலாம். இரண்டும் ஒரே அன்பின் இரண்டு கடமைகள். பாரியின் பெயரைச் சேரன் அவையில் சொல்லக் கபிலருக்கு நா எழுந்தது, பறம்பு அவருக்குக் கொடுத்த அன்பினால். போகிறவர் நம் பெயரை வெளியூரில் பெருமையோடு சொல்லும்படி நடந்துகொள்வது நம் கையில் இருக்கிறது. அடுத்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையும் ஒரு நாள் போவார் என்று தெரிந்தே அவரை நம்முடையவர் என்று ஏற்றுக்கொள்வோம்.